பொங்கல் முடிந்ததும் இது எங்கே போகும்?

கிறிஸ்துமஸுக்கு வந்த கேக் டப்பா, புத்தாண்டு நள்ளிரவில் வெடித்துச் சிதறிய ஜிகினாத் தாள், கடை கடையாகக் கொடுத்த தினசரி காலண்டர்கள், போகிக்கு ஒழித்துப் போட்ட மெத்தை, பொங்கலன்று கடித்துத் துப்பிய கரும்புச் சக்கை, காணும் பொங்கலுக்குக் கடற்கரையில் விட்டுவந்த பிரியாணித் தட்டு. டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து தை மூன்றாம் நாள் வரைக்குமான மூன்று வாரத்தில் ஒரு சாதாரண வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போகிற பொருள்களின் பட்டியல் இது. வீட்டுக்கு வீடு கொஞ்சம் கூடும், குறையும்.

நான் குடியிருப்பது பள்ளிக்கரணையில். தென்சென்னையின் குப்பை வந்து சேரும் பெருங்குடிக் கிடங்கு எங்களுக்குக் கூப்பிடு தூரம். பறவைகள் வந்து தங்கும் சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே பல பத்தாண்டுகளாகக் கொட்டிக் கொட்டி மேடாகிவிட்ட இடம். 2022 ஏப்ரலில் அது தீப்பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. இப்போது அந்தப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள். மக்கியதெல்லாம் மண்ணாகி சல்லடையில் கீழே இறங்கிவிடுகிறது. இறங்காமல் மேலே நிற்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் பையும் பழந்துணியும். என்றைக்கோ யார் வீட்டிலோ நடந்த பண்டிகையின் மிச்சம் அதற்குள்ளும் இருக்கும்.

அதனால் பண்டிகைக்கு எதை வாங்கப் போனாலும் கடையில் நின்று ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வேன்: பொங்கல் முடிந்ததும் இது எங்கே போகும்? பதில் இருந்தால் வாங்குவேன். பண்டிகைக் குப்பையைக் குறைக்க வேண்டுமானால் அதை வாங்குகிற இடத்திலேயே நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் வந்தபிறகு அதை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றத்தான் முடியும்.

சிறுவீடு

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் சேரன்மகாதேவியில். மார்கழி பிறந்தால் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, அரிசிமாவில் கோலம் போட்டு, சாணத்தை உருண்டையாகப் பிடித்து அதன் தலையில் பூசணிப்பூவைச் செருகி வைப்போம். மாவை எறும்பும் குருவியும் தின்றுவிடும். வெயில் ஏறியதும் சாண உருண்டையைப் பூவோடு சேர்த்துத் தட்டிக் காயவைப்போம். மாதம் முழுக்கச் சேரும் அந்த எருவை ஆச்சி பனையோலைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே வருவாள்.

தை பிறந்து ஒருநாள், முற்றத்தில் களிமண்ணால் சின்னதாக வீடு கட்டி, அதன் முன்னால் சிறு பானையில் நாங்களே பொங்கல் வைப்போம். பிறகு சேர்த்து வைத்த பூ எருவைத் தட்டில் ஏந்திக்கொண்டு போய், வெற்றிலையில் கற்பூரம் ஏற்றித் தாமிரபரணியில் விடுவோம். சிறுவீட்டுப் பொங்கல் என்று அதற்குப் பெயர். கட்டிய வீட்டை மழை கரைத்து மறுபடியும் முற்றத்து மண்ணாக்கிவிடும். மாதம் முழுக்க நடந்த அந்தக் கொண்டாட்டத்துக்குக் கடையில் வாங்கியது கற்பூரம், வெற்றிலை, வெல்லம். அவ்வளவுதான்.

சென்னையில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு சாணத்துக்கும் முற்றத்துக்கும் எங்கே போவது? ஊரை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது. ஒரு பொருளின் வேலை முடிகிற இடத்தில் அடுத்த வேலை தொடங்கும் அந்த ஒழுங்கைக் கொண்டுவர முடியும். கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோலமாவு என்று பாக்கெட்டில் விற்பது பெரும்பாலும் வெள்ளைக் கல்லைப் பொடித்தது. எறும்பு அதைச் சீண்டாது. ரேஷன் பச்சரிசியை மிஷினில் கொடுத்து அரைத்துவைத்தால் மார்கழி முழுக்க வரும். செம்மண் ஒரு கட்டி கரைத்துக் காவி இழுத்துவிட்டால், குட்டிக் குட்டி பிளாஸ்டிக் உறையில் வரும் கலர்ப்பொடி வாங்க வேண்டியதில்லை.

கேக், நட்சத்திரம், காலண்டர்

எங்கள் எதிர்வீட்டு அக்கா பாளையங்கோட்டைக்காரர். டிசம்பர் பத்தாம் தேதிக்கு மேல் பழைய தட்டுகளில் மண்ணைப் பரப்பிக் கேழ்வரகும் வெந்தயமும் தூவிவிடுவார். கிறிஸ்துமஸ் வருவதற்குள் விரற்கடை உயரத்துக்குப் பசேலென்று முளைத்து நிற்கும். அதுதான் அவர் வீட்டுக் குடிலின் புல்வெளி. கடையில் விற்கும் பிளாஸ்டிக் புல்விரிப்பு அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் சுரூபங்களைப் பழைய பருத்தித் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, முளைத்த தட்டுகளை மண்ணோடு செடித்தொட்டியில் கவிழ்த்துவிடுவார். வாசலில் தொங்கும் நட்சத்திரம் மடித்து வைக்கிற வகை. வருஷா வருஷம் அதுவேதான் விரிகிறது.

அவர் வீட்டு முறுக்கும் கேக்கும் எங்களுக்கு எவர்சில்வர் தூக்குவாளியில் வரும். பொங்கலன்று அதே தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலும் இரண்டு பனங்கிழங்கும் திரும்பிப் போகும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். பிளாஸ்டிக் டப்பாவில் பலகாரம் கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்தச் சட்டத்துக்கே வேலை இல்லாமல் போயிற்று. டப்பாவை வாங்கியவர் கழுவி வைப்பார், அது பத்தோடு பதினொன்றாக அலமாரியில் சேரும், பிறகு ஒருநாள் குப்பைக்குப் போகும். தூக்குவாளிக்கு மாறினால் இந்தக் குப்பை அடியோடு நின்றுவிடுகிறது, செலவும் இல்லை.

கடையில் கேக் வாங்குபவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: கத்தி வேண்டாம், மெழுகுவத்தி வேண்டாம், பாப்பர் வேண்டாம். பில் போட்டபிறகு சொன்னால் எல்லாம் டப்பாவுக்குள் போயிருக்கும். பிளம் கேக்கை எடைக்கு வாங்குபவர்கள் வீட்டு டப்பாவை நீட்டினால் பெரும்பாலான கடைகளில் மறுப்பதில்லை. வாசலில் போடும் சீரியல் செட்டில் ஒரு வரிசை எரியாவிட்டால் தூக்கிப்போடாமல் தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பல நேரம் அறுந்த ஒயரை ஒட்டினாலே எரிந்துவிடும். எரியவே மாட்டேன் என்கிற செட் மின்னணுக் கழிவு. அதை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும்.

காலண்டரைப் பொறுத்தவரை, சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போகும் தினசரி காலண்டர் நம் வீட்டுக்கு ஒன்று வேண்டும்தான். ராகுகாலம் பார்க்கவும் பால் கணக்கு குறிக்கவும் அது உதவும். ஐந்து எதற்கு? நகைக்கடையும் மளிகைக்கடையும் மருந்துக்கடையும் நீட்டும்போது, “வீட்ல இருக்குப்பா, வேற யாருக்காவது குடுங்க” என்று சொல்லப் பழக வேண்டும்.

துணிப்பை மாதிரி இருக்கும், துணி கிடையாது

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பை, தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல் இதெல்லாம் அதில் உண்டு என்று பலருக்கும் தெரியும். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் காகிதத் தட்டும் அதே பட்டியலில் இருப்பது பலருக்குத் தெரியாது. அபார்ட்மெண்ட் புத்தாண்டு விருந்துகளில், ‘பேப்பர்தானே’ என்று நூற்றுக்கணக்கில் இறக்குவது இந்தக் கப்பைத்தான். காகிதத்தையும் பூச்சையும் பிரிப்பது சுலபமில்லை. அதனால் அது மக்கவும் செய்யாது, பழைய பேப்பர் கடையிலும் எடுக்க மாட்டார்கள்.

நான்-ஓவன் பையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஜவுளிக்கடைகளில் கலர் கலராகக் கொடுத்த அந்தப் பை தொட்டால் துணி மாதிரி இருக்கும். உண்மையில் அது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. ஓரத்தை இழுத்துப் பாருங்கள். நெய்த துணியென்றால் நூல் பிரியும், இது பஞ்சுபோலக் கிழியும். 2021 டிசம்பர் 23 அன்று அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. அந்த மஞ்சள் துணிப்பையைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் எல்லோர் வீட்டிலும் பரணில் கிடக்கும். நான்கைந்தை எடுத்து வண்டிப் பெட்டியில் ஒன்று, கைப்பையில் ஒன்று, வாசல் ஆணியில் ஒன்று என்று பிரித்து வைத்துவிட்டால் பை மறக்கிற பேச்சுக்கே இடமில்லை.

போகிப் புகை ஏன் மேலே போவதில்லை

எங்கள் ஊரில் போகிக்கு எரித்துப் பார்த்ததில்லை. வெள்ளையடிப்பதும், பாத்திரம் துலக்குவதும், வேப்பிலையும் ஆவாரம்பூவும் பொங்கப்பூவும் சேர்த்துக் கொத்தாகக் கட்டிக் கூரை மூலைகளில் செருகுவதும்தான் அன்றைய வேலை. கொங்குப் பக்கம் இதைக் காப்புக்கட்டு என்பார்கள். சென்னைக்கு வந்த பிறகுதான் விடிகாலையில் தெருவுக்குத் தெரு எரிவதைப் பார்த்தேன்.

போகி வருவது பனிக்காலத்தின் நடுவில். இரவு முழுக்கத் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிவிடுகிறது. அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டாற்போலப் படிந்து நிற்கும். மற்ற நாளில் மேலே ஏறிக் கலைந்துவிடும் புகை, அந்த விடிகாலையில் மூடிக்குக் கீழேயே, நாம் மூச்சு விடுகிற உயரத்திலேயே தங்கிவிடுகிறது. பனியும் சேர்ந்தால் எதிரில் வருகிற ஆள் தெரியாது. 2018 ஜனவரி 13, போகியன்று, சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

எரிக்கிற பொருளும் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் ஒழிக்க இருந்தது கோரைப்பாயும் விளக்குமாறும் ஓலைப்பெட்டியும். இன்றைக்கு டயர், ரெக்ஸின் பை, பாலியஸ்டர் புடவை, பஞ்சுபோன்ற ஃபோம் மெத்தை. டயர் எரிந்தால் கரித்தூளோடு கந்தக டை ஆக்சைடு வரும். பிவிசி கலந்த ரெக்ஸினும் ஒயரும் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின் என்னும் நச்சும் வரும். இளைப்பு நோய் உள்ள பிள்ளைகளும் முதியவர்களும் தை பிறக்கும் நாளை நெபுலைசரோடு கழிப்பதற்கு இதுதான் காரணம். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி தெருவிலும் பொது இடத்திலும் குப்பையை எரிப்பது குற்றம்.

சென்னை மாநகராட்சி சில ஆண்டுகளாகப் போகிக்கு முந்தைய வாரத்திலேயே பழைய துணி, டயர், மெத்தை போன்றவற்றை வீட்டிலிருந்து தனியாகப் பெற்றுக்கொள்கிறது. எங்கள் குடியிருப்பில் அதற்கும் ஒரு வாரம் முன்னாலேயே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு மூலையை ஒதுக்கிவிடுகிறோம். வேண்டாதவற்றை எல்லோரும் கொண்டுவந்து வைக்கலாம், வேண்டுமென்பவர் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகம், கால் ஆடும் ஸ்டூல், பிள்ளைகளுக்குச் சின்னதாகிவிட்ட சைக்கிள் எல்லாம் ஒரே நாளில் கைமாறிவிடும். மிஞ்சிய துணியைத் துவைத்து மடித்துப் பிரிப்போம். நல்ல நிலையில் இருப்பது, 1999-இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் போன்ற அமைப்புகளுக்கு. நைந்த பருத்திப் புடவை கிழித்துத் துடைப்பதற்கும் கால்மிதிக்கும். இரண்டுக்கும் உதவாததை மட்டும் மாநகராட்சி வண்டிக்குக் கொடுக்கிறோம்.

எரிக்காமல் போகியா என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்காக வாசலில் ஒரு மண்சட்டியில் ஒரு துண்டு வரட்டி, கற்பூரம், தேய்ந்த விளக்குமாற்றுக் குச்சி. சாமி கும்பிட அந்தத் தீ போதும். பிள்ளைகளுக்குப் போகி மேளம் இருந்தால் தீகூட வேண்டாம்.

சக்கையிலிருந்து மஞ்சள் கொத்துவரை

பொங்கல் மறுநாள் எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் ஒருமுறை சொன்னார்: “சக்கை கனமே இல்லம்மா, வண்டியில எடத்தைத்தான் அடைக்குது. ஆனா பாதிப் பேரு அதைச் சோத்தோட, பிளாஸ்டிக்கோட சேத்துக் கட்டிப் போட்டுடுறாங்க. அதைப் பிரிச்சு எடுக்குறதுக்குள்ள கை நாறிப்போயிடும்.” அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கரும்புச் சக்கை கீழே இறங்குவதில்லை.

செய்முறை சுலபம். அடியில் துளையிட்ட பழைய பெயிண்ட் வாளி ஒன்று. கீழே தேங்காய் நார். சக்கையை விரல் நீளத்துக்கு நறுக்கி ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து ஒரு அடுக்கு. அதற்கு மேல் காய்கறித் தோல், டீத்தூள் ஒரு அடுக்கு. மறுபடியும் சக்கை. இடையிடையே புளித்த மோரைத் தெளிக்க வேண்டும். சமையலறைக் கழிவு மட்டும் போட்டால் சொதசொதவென்று நாற்றமெடுக்கும். சக்கை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்வதால் காற்று உள்ளே போகிறது, நாற்றம் வருவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் சித்திரை வாக்கில் கறுத்த, மண்வாசனை அடிக்கும் உரம் கிடைக்கும். சக்கை முழுவதுமாக மக்கக் கூடுதல் நாளாகும். சலித்ததில் நிற்கும் துண்டுகளை அடுத்த வாளிக்குப் போட்டுவிடலாம்.

பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தின் கிழங்கைச் சமைத்துவிடாமல் இரண்டு விரலை மட்டும் மணலில் புதைத்து நிழலில் வைத்திருப்பேன். மஞ்சள் நட்டால் விளைய எட்டு ஒன்பது மாதம் ஆகும். வைகாசியில் அந்த உரத்தோடு தொட்டியில் நட்டால் அடுத்த தைக்குப் பானைக்குக் கட்ட நம் வீட்டுக் கொத்தே தயார். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதைத் தவிர அதற்குப் பெரிய பராமரிப்பு இல்லை. இலையைக் கிள்ளி அதில் மாவை மடித்து அவித்தால் கொழுக்கட்டை மணக்கும். இந்தத் தையில் மென்று துப்பிய சக்கை, உரமாகி, அடுத்த தையில் பானைக் கழுத்துக்கு மஞ்சளாக வந்து சேர்கிறது.

பானை வாங்கும்போது பெயிண்ட் அடித்துப் பூப்போட்டதை விட்டுவிட்டு வெறும் மண்பானையாகக் கேளுங்கள். பெயிண்ட் பானை ஒருநாள் அழகு, அதற்குப் பிறகு அடுப்பில் ஏற்ற முடியாது. வெறும் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அரிசி கழுவிய தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பழக்கிவிட்டால், பொங்கலுக்குப் பிறகு வருஷம் முழுக்கக் குழம்பு வைக்கலாம். குயவருக்கு நல்ல விலை கொடுத்து வாங்கிய நிறைவும் கிடைக்கும்.

சுண்டக்கறி

பண்டிகைக் குப்பையில் பெரும் பங்கு சோறுதான். ஒரு மாடியில் நான்கு வீடு. நான்கிலும் சர்க்கரைப் பொங்கல். நான்கு வீடும் மற்ற மூன்று வீட்டுக்குக் கிண்ணம் கொடுக்கும். சாயங்காலம் எல்லோர் வீட்டிலும் எல்லோருடைய பொங்கலும் மிச்சம். இப்போது எங்கள் மாடியில் சேர்ந்து ஒரே பானை வைக்கிறோம். கரும்பும் மாடிக்கு ஒரு ஜோடி போதுமென்று ஆகிவிட்டது.

மிஞ்சுவதை வீணாக்காத வழி திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொங்கலன்று வைத்த காய்கறிக் குழம்பு, கூட்டு, பொரியலில் மிஞ்சியதையெல்லாம் ஒரே சட்டியில் கொட்டி, சிறுதீயில் சுண்டவைத்து, மறுநாள் காலையில் பழைய சோற்றோடு தின்றால் அதுதான் சுண்டக்கறி. மாட்டுப் பொங்கலன்று காலையில் எங்கள் வீட்டில் இட்லி கேட்க யாருக்கும் தோன்றாது.

மாடு தின்பதும் கடல் வாங்குவதும்

மிஞ்சிய சோற்றைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுத் தெருவோரம் வைப்பவர்கள் மாட்டுக்குப் புண்ணியம் செய்வதாக நினைக்கிறார்கள். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கக் கை இல்லை. பையோடுதான் விழுங்கும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றை அறுவை செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். அத்தனையும் மனிதர்கள் எறிந்தவை. மாட்டுக்குக் கொடுப்பதானால் காய்கறித் தோலையும் வாழை இலையையும் கரும்புத் தோகையையும் பையில்லாமல், மாடு வளர்ப்பவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.

காணும் பொங்கலுக்கு மெரினா போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகலாம். புளியோதரை சம்படத்தில் இருக்கட்டும், தின்ன வாழை இலை, குடிக்க வீட்டுத் தண்ணீர் பாட்டில். காலிப் பையும் கொண்டுபோனால் மிஞ்சியது வீட்டுக்கே திரும்பிவிடும். கடற்கரையில் போட்டதை இரவோடு இரவாக மாநகராட்சி ஊழியர்கள் அள்ளுகிறார்கள். அவர்கள் கைக்கு முன்னால் அலை வந்துவிட்டால் அது கடலுக்குப் போய்விடும்.

யார் பொறுப்பு?

பை எடுத்துப்போவது, டப்பா கழுவுவது, சக்கை நறுக்குவது, துணி பிரிப்பது என்று இதையெல்லாம் படிக்கும்போது எத்தனையோ பெண்கள் பெருமூச்சு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பண்டிகையென்றால் ஏற்கெனவே அவர்களுக்கு இடுப்பொடிகிறது. குப்பையைக் குறைப்பதும் இன்னொரு அடுக்களை வேலையாகிவிட்டால் அது இரண்டு வருஷம்கூடத் தாங்காது. எங்கள் வீட்டில் சந்தைக்குப் பையோடு போவது கணவர் வேலை, உர வாளி மகன் வேலை, போகி மூலையை ஒழுங்குபடுத்துவது குடியிருப்புச் சங்கத்தின் வேலை. அப்படிப் பிரித்துக்கொண்டதால்தான் இது தொடர்ந்து நடக்கிறது.

மார்கழி முதல் தேதி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் வாங்கப்போகும் பொருள். இரண்டாவதில், பண்டிகை முடிந்ததும் அது போகப்போகும் இடம்: தொட்டியா, பரணா, பக்கத்து வீடா, பழைய பேப்பர்காரரா. மூன்றாவதில் அதற்குப் பொறுப்பானவர் பெயர். இரண்டாவது பத்தியில் எழுத ஒன்றுமில்லாத பொருளை வாங்காதீர்கள்.